வரந்தா மலைப்பாதையில் வந்த கருவாட்டு வண்டி

அடியார்களுக்கு நமஸ்காரம். நான் எழுதப்போவது நாற்றம் பிடித்த அனுபவம். மூக்கைப் பொத்திக்கொண்டு படிப்பவர்கள் படிக்கலாம்.

போன மாசி மாதக் கிருத்திகையன்று, மஹாராஷ்டிரத்து மலைப்பாதை ஒன்றின் ஓரத்தில், இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் என்றால் என் கணவர் சுந்தரம். என் மடி முழுக்க வாந்தி. இவருக்குக் கண் செருகிவிட்டது. நான் யார் என்றே தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மனிதர் இல்லை. அன்றோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முருகன் காப்பாற்றினான். எப்படிக் காப்பாற்றினான் என்பதில்தான் சிலருக்குச் சங்கடம்.

மாட்டுங்காவில் எங்கள் பஜனை மண்டலியில் இதைச் சொன்னபோது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வண்டி வந்த இடத்துக்கு நான் வந்ததும் துடைத்த கை அப்படியே மூக்குக்குப் போயிற்று. மண்டலி மலரில் எழுதிக் கொடு என்று கேட்ட மாமியே என்னைத் தனியாக அழைத்து, "எல்லாம் சரிடி, அந்தக் கருவாட்டை மட்டும் விட்டுடேன். யாரோ ஒரு நல்லவா வண்டியில ஏத்திண்டு போனான்னு போட்டா போறாதா?" என்றாள்.

போதாது. கருவாட்டை எடுத்துவிட்டால் இதில் முருகனும் இல்லை. அதனால் முழுக்கவே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அருவருப்பு அதிகம். பிறவியிலேயே அப்படி. லோக்கல் ரயிலில் கைப்பிடியைத் தொட்டால் இறங்கியதும் கை கழுவ வேண்டும். கழுவும் இடத்தைப் பார்த்தால் இன்னும் அருவருப்பு வரும். பான் துப்பிய சுவர், பிசுபிசுத்த ஓட்டல் மேஜை, லிஃப்டில் யாரோ விட்டுப்போன வியர்வை நாற்றம், எதுவும் எனக்கு ஆகாது. எச்சில் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் தண்ணீரைத் தூக்கித்தான் குடிப்போம். இவர் ஒருநாள் காபி டம்ளரை வாய் வைத்துக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார் என்று இரண்டு வேளை பேசாமல் இருந்தவள் நான். மீன் கடை இருக்கும் தெருவுக்குள் இத்தனை வருஷத்தில் நான் கால் வைத்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போவேன்.

இப்படிப்பட்டவளுக்குச் சைக்கிள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இவர் ரிடையர் ஆனதும் செம்பூர் பக்கத்து சைக்கிள் குரூப் ஒன்றில் சேர்ந்தார். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் எனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினால் மான்குர்த் தாண்டி வாஷி பாலம் வரை போய்விட்டு வருவோம். மான்குர்த் பக்கம் குப்பை மேட்டு நாற்றம் வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டே மிதிப்பேன். அதிலேயே பாதி உடற்பயிற்சி ஆகிவிடும்.

சைக்கிள்காரர்களைப் போல அசிங்கமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சீட்டு வலிக்காமலிருக்கக் குழந்தைக்குக் கட்டும் துணிமாதிரி திண்டு வைத்துத் தைத்த நிஜார். அதற்குள்ளே பூசிக்கொள்ள ஒரு களிம்பு. தெம்புக்கு என்று சின்னப் பாக்கெட்டில் ஒரு கூழ். அதைக் கிழித்து வாயில் பிதுக்கிக்கொள்வார்கள், பார்த்தால் சளி போலவே இருக்கும். தண்ணீர் பாட்டிலின் முனையைப் பல்லால் கடித்து இழுத்து உறிஞ்சுவார்கள், அதையே பக்கத்து ஆளிடம் நீட்டுவார்கள். நான் பாட்டில் மூடியைக் கழற்றி, சைக்கிளை நிறுத்தி, தூக்கித்தான் குடிப்பேன். குரூப்பில் எல்லோருக்கும் என்னால் தாமதம். இருந்தும் ஏன் போனேன் என்றால், மேட்டில் ஏறி இறங்கும்போது எதிரே காற்று அடிக்கும் பாருங்கள், அந்தக் காற்றில் மட்டும்தான் எந்த நாற்றமும் இல்லை. அதற்காகத்தான் போனேன்.

போன மாசியில் குரூப்பில் ஒரு பெரிய பயணம் போட்டார்கள். சைக்கிள்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கொங்கணத்தில் மஹாட் வரை போய், அங்கே ராத்தங்கி, காலையில் வரந்தா மலைப்பாதையில் ஏறி, அந்தப் பக்கம் போர் என்ற பழைய சமஸ்தான ஊருக்கு இறங்கி, மறுநாள் கிருஷ்ணா நதிக்கரையில் வாயி வரை போவதாகத் திட்டம். கோட்டையும் அரண்மனையும் படித்துறையும் இருக்கிற ஊர்கள். இவருக்குச் சரித்திரப் பைத்தியம் உண்டு. மஹாட்டில் சவதார் குளத்தைக் காட்டினார். இந்தக் குளத்துத் தண்ணீரைத் தொடக்கூட ஒரு காலத்தில் சில மனிதர்களை விடவில்லை, அதற்காக அவர்களே ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே காதில் விழுந்தது? நான் படியில் யாரோ துப்பியிருந்ததை மிதிக்காமல் நடப்பதிலேயே குறியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மலை ஏற்றம். அன்றைக்கே கிருத்திகை.

இவர் கிருத்திகை விரதத்தை விட்டதே இல்லை. அதுவும் சும்மா விரதமில்லை, உப்பில்லாத விரதம். அன்றைக்கு நாக்கில் ஓர் உப்புக் கல் பட்டால் போயிற்று. பழம், பால், தண்ணீர், அவ்வளவுதான். சாயங்காலம் செம்பூர் முருகனைத் தரிசித்துவிட்டுப் படுத்தால் மறுநாள் காலையில்தான் உப்பு. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இந்த விரதம் இருந்தால் ஒன்றும் ஆகாது. இவ்வளவு வருஷம் ஒன்றும் ஆகவுமில்லை.

காலையில் கிளம்புமுன் குரூப் கேப்டன் எல்லோருக்கும் ஒரு மாத்திரைக் குழாய் கொடுத்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் பொங்கும், வியர்வையில் போகும் உப்பை அது ஈடுகட்டும் என்றான். உப்பு என்ற வார்த்தையைக் கேட்டதுமே இவர் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்த நிறத்தைப் பார்த்ததுமே குமட்டியது, நானும் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு ஒருநாள் விரதத்தை விடுங்கோ, இல்லாவிட்டால் ஜீப்பில் வாருங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரு. மலையெல்லாம் அவன் வீடு. அவன் பாத்துப்பான்" என்றார்.

பார்த்துக்கொண்டான். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொங்கண வெயில் உங்களுக்குத் தெரியும். காலையிலேயே கொதிக்கும். கடற்காற்றின் பிசுபிசுப்பு வேறு. வரந்தா கிராமம் தாண்டியதும் மலை எழும்புகிறது. வளைவுக்கு மேல் வளைவு. இவருக்கு வியர்வை ஆறாக ஓடியது. ஓட ஓடத் தண்ணீர் குடித்தார். ஒரு பாட்டில் தீர்ந்ததும் வழியில் குழாயில் நிரப்பிக்கொண்டார், பிறகு என் பாட்டிலையும் குடித்தார். நானும் குடிங்கோ குடிங்கோ என்றே சொன்னேன். வெயிலுக்குத் தண்ணீர்தானே மருந்து என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உச்சியில் ஒரு தேவி கோயில் இருக்கிறது. வரிசையாக பஜ்ஜிக் கடைகள். பள்ளத்தாக்கைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும், அவ்வளவு அழகு. அந்த அழகின் விளிம்பில் வரிசையாக ஆண்கள் நின்றுகொண்டு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சரிவெல்லாம் சிப்ஸ் பாக்கெட். ஒரு குரங்கு குழந்தையின் டயப்பரை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இந்த ஜனங்களை என்ன செய்தால் தகும் என்று தேவியிடம் கேட்டேன். இவர் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டார். மறுபடி தண்ணீர். தலை லேசாக வலிக்கிறது என்றார். இவருடைய கறுப்புச் சட்டை முதுகில் காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிட்டே போய்ப் பார்க்காமல் சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குரூப்பில் ஒருவனுக்குச் சங்கிலி அறுந்துபோனதால் ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு முன்னால் போர் ஊருக்குப் போய்விட்டது. மற்றவர்களும் பசிக்கிறது என்று பறந்தார்கள். மெதுவாக வாருங்கள், இனி இறக்கம்தான் என்று கேப்டன் சொல்லிவிட்டுப் போனான். நானும் இவரும் கடைசி.

மலையைத் தாண்டினால் அந்தப் பக்கம் அணையின் நீர்த்தேக்கம். அதன் கரையை ஒட்டி ரோடு வளைந்து வளைந்து போகிறது. ஆள் நடமாட்டமே இல்லை. முதலில் காற்று சுகமாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் இவர் சைக்கிள் குடிகாரன் சைக்கிள் போல ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து என்னை அவருடைய அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா போய்ப் பல வருஷம் ஆகிறது. இறங்குங்கோ என்று கத்தினேன். அதற்குள் சைக்கிள் ஓரத்துப் புல்லில் இறங்கி விழுந்தது.

ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். காயம் பெரிதாக இல்லை. வெயில்தான் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். குடித்ததையெல்லாம் என்மேல் கக்கினார். வாழைப்பழமும் பாலும் புளித்த வாடையும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டின புருஷன் சாகக் கிடக்கிறார், எனக்கு வாடை பெரிதாகத் தெரிகிறது. அப்படி ஒரு ஜன்மம் நான்.

ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்தது. நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். நிறுத்தினார்கள். நல்ல குடும்பமாகத்தான் தெரிந்தது. அந்த மனிதர் இறங்கி வந்து பார்த்தார். அவருடைய மனைவி கண்ணாடியைப் பாதி இறக்கிப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். ஏற்றிக்கொள்ளுங்கள், போர் வரை விட்டால் போதும் என்று ஹிந்தியில் கெஞ்சினேன். அவர் என் மடியைப் பார்த்தார், இவர் சட்டையைப் பார்த்தார், பிறகு காரின் உட்புறத்தைப் பார்த்தார். சீட்டெல்லாம் புதிது, குழந்தைகள் வேறு இருக்கிறார்கள், முன்னால் போய் யாரையாவது அனுப்புகிறோம் என்றார். ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. கை பட்டுவிடுமே.

அந்தக் கார் போனபோது எனக்கு வந்த அருவருப்பை எழுத வார்த்தை இல்லை. அந்தப் பெண் மூக்கை மூடிக்கொண்டவிதம் மனதிலேயே நின்றது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. நான் வைத்துக்கொள்ளும் முகம்தான் அது. லிஃப்டிலும் ரயிலிலும் மீன்கடைத் தெருமுனையிலும் நான் வைத்துக்கொள்ளும் அதே முகம். அன்றைக்குத்தான் அதை எதிரிலிருந்து பார்த்தேன்.

அவர்கள் வைத்துவிட்டுப் போன தண்ணீரையும் இவர் வாயில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் இவர் உடம்பு வில்லாக வளைந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை தள்ளியது. வலிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். கந்த சஷ்டியில் அழகாக உட்கார்ந்து பாடுவேனே, அப்படி இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "முருகா, ஒரு வண்டிய அனுப்பு. எந்த வண்டியானாலும் சரி. நான் முகம் சுளிக்க மாட்டேன்" என்றேன். அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. முருகா முருகா என்று மட்டும் அந்த மலை முழுக்கக் கேட்கிறாற்போல் கத்திக்கொண்டே இருந்தேன்.

வண்டி வருவதற்கு முன்னால் நாற்றம் வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், வளைவுக்கு அப்பாலிருந்தே வந்தது. காய்ந்த மீனும் உப்பும் தார்ப்பாயின் வெக்கையும் கலந்த நாற்றம். பின்னாலேயே ஒரு டெம்போ. என்னைக் கடந்து போய்விட்டது. போனால் போகட்டும் என்று ஒரு கணம் என் மனது நினைத்தது. அதையும் எழுதிவிடுகிறேன், முருகனுக்குத் தெரியாதது இல்லை. கடந்துபோன வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ஏலே அந்தோணி, நிப்பாட்டுல!" என்றது. தமிழ்.

டெம்போ பின்னோக்கி வந்து நின்றது. என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பெயர் ஸ்டெல்லா. தாராவியில் கருவாடு வியாபாரம், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கொங்கணக் கடற்கரையில் சரக்கு எடுத்துப் புனே சந்தைக்குக் கொண்டுபோகிறவள். வண்டி ஓட்டியது அவளுடைய தம்பி. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து இவர் வாயைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். நுரை, வாந்தி எல்லாவற்றையும். அதே தலைப்பால் என் கையையும் துடைத்துவிட்டாள்.

பிறகுதான் சொன்னாள். "குடிச்சிட்டுக் கெடக்காவன்னு நெனச்சுப் போயிருப்போம்க்கா. முருகான்னு சத்தம் கேட்டுச்சு. நம்ம ஊரு ஆளுவ இங்க என்ன செய்தாவன்னுதான் நிப்பாட்டச் சொன்னேன்."

நான் வாய்க்குள் வேண்டியிருந்தால் அந்த வண்டி போயிருக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் இவரைப் படுக்கவைக்க இடமில்லை. பின்னால் மூட்டைகளுக்கு மேல்தான் படுக்கவைக்க முடியும். அந்தோணி இவரை இரண்டு கையாலும் தூக்கிக் கருவாட்டு மூட்டைகளின்மேல் ஒருக்களித்துக் கிடத்தினான். உப்புப் போட்ட சுறாவும் வாளையும். நான் ஏறவேண்டும். கால் எழவில்லை. அந்த நாற்றம் ஒரு சுவர்போல் நின்றது. என் கை தானாக மூக்குக்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினேன். முகம் சுளிக்க மாட்டேன் என்று ஒருவனுக்கு வாக்குக் கொடுத்து இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. கையை இறக்கிவிட்டு ஏறினேன். ஸ்டெல்லாவும் முன் சீட்டை விட்டுவிட்டு எங்களோடு பின்னால் ஏறிக்கொண்டாள். கிடந்த சைக்கிள்களையும் அந்தோணி தூக்கி மேலே போட்டான்.

அந்த ரோடு குலுக்கிய குலுக்கலில் சாக்கிலிருந்து உப்புப் பொடி உதிர்ந்து இவர் முகத்திலும் உதட்டிலும் ஒட்டியது. நான் துடைத்துக்கொண்டே வந்தேன். விரதம் கெட்டுப்போயிற்றே என்று துடைத்தேன். இவர் பிழைப்பாரா என்று தெரியாது, எனக்கு விரதக் கவலை. துடைக்கத் துடைக்க ஒட்டியது. வெக்கையும் வாடையும் சேர்ந்து என்னாலும் தாங்க முடியவில்லை. திரும்புவதற்குள் ஸ்டெல்லாவின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். கூச்சத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அவள் என் முதுகைத் தடவிவிட்டு, "வாந்திதானக்கா. கழுவுனா போயிரும்" என்றாள்.

பிறகு தன் பாட்டிலை நீட்டினாள். வண்டி குலுங்கியது. தூக்கிக் குடிக்க முடியவில்லை. வாய் வைத்துக் குடித்தேன். அவள் அதை வாங்கித் தானும் வாய் வைத்துக் குடித்தாள். அவள் கழுத்தில் ஜெபமாலை தொங்கியது. வழிநெடுக அவள் மாதாவைக் கூப்பிட்டாள், நான் முருகனைக் கூப்பிட்டேன்.

போர் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்து விலகினார்கள். நாற்றம் அப்படி. அதுவும் நல்லதாயிற்று, வழி தானாகக் கிடைத்தது. இருந்த டாக்டர் இளம்பெண். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று துருவித் துருவிக் கேட்டாள். விரதத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

இவருக்கு வந்தது வெயில் நோய் இல்லை. உடம்பிலிருந்த உப்பெல்லாம் வியர்வையில் போய்விட்டது. உள்ளே உப்பே போகவில்லை. மேலும் மேலும் தண்ணீரை மட்டும் ஊற்றியதில் மிச்சமிருந்த உப்பும் நீர்த்துப்போய், மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது. நான் அன்போடு ஊற்றிய ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் இவரைக் கொன்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று சொல்லிவிட்டு அவள் ஏற்றிய மருந்து என்ன தெரியுமா? உப்புத் தண்ணீர். நல்ல கெட்டியான உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினாள்.

உதட்டில் ஒட்டிய உப்பை விரதம் விரதம் என்று வழியெல்லாம் துடைத்துக்கொண்டு வந்தேனே. அந்தப் பொடி இவரைப் பிழைக்க வைத்தது என்று நான் சொல்லவரவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உப்பு வேண்டாம் என்று தனக்காகப் பட்டினி கிடந்த பக்தனை முருகன் உப்பு மூட்டையின்மேல் படுக்கவைத்து அனுப்பினான். விரதத்தை முடித்துவைத்தது அவன்தான். எனக்கு அதில் சந்தேகமில்லை.

பிறகு புனேயில் சில நாள் தீவிர சிகிச்சை. இவர் கண் விழித்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "என்னடி இப்படி நாத்தமடிக்கற?" அழுதுகொண்டே சிரித்தேன். எவ்வளவு குளித்தும் என் தலைமுடியை விட்டு அது போகவில்லை. அதே வேளையில் எங்களை ஒரு வார்த்தை விசாரிக்காமல் குரூப் வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தார்கள். வாயி படித்துறையில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, பயணம் இனிதே நிறைவேறியது என்று. அந்தப் படத்தைப் பார்த்து வந்த குமட்டல் எந்தக் கருவாட்டுக்கும் வரவில்லை.

இவர் இப்போது நன்றாக இருக்கிறார். அந்த நாளில் மலை உச்சிக்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை, அவ்வளவுதான். டாக்டர் அனுமதித்ததும் மறுபடி சைக்கிள் ஓட்டுகிறார். நானும் போகிறேன். அந்த ஆரஞ்சுத் தண்ணீரை இரண்டு பேரும் குடிக்கிறோம், கண்ணை மூடிக்கொண்டு. கிருத்திகைக்கு இவர் பழைய வழக்கத்தை விடமாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தார். முருகனே உங்களை உப்பில் போட்டு எடுத்தாயிற்று, இனி உங்கள் விரதம் அவனுக்கு வேண்டாம் என்று சொல்லி, உப்புப் போட்ட பொங்கலை முன்னால் வைத்தேன். முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சாப்பிட்டார்.

ஸ்டெல்லாவைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். கையால் உப்புச்சீடை செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். கடை ஒரு சந்துக்குள். இரண்டு பக்கமும் மீன், கருவாடு, காலடியில் கறுப்புத் தண்ணீர். என் அருவருப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை. முருகன் உயிரைத்தான் கொடுத்தான், மூக்கை மாற்றவில்லை. ஸ்டெல்லா என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பிறகு அவசர அவசரமாக பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக் கூடைகளை மூடப் போனாள். அவள் கடை, அவள் பிழைப்பு, எனக்காக மூடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம். மூடாதீங்கோ."

"ஒங்களுக்கு ஆவாதேக்கா."

"ஆகாதுதான். இருக்கட்டும்."

ஷீட்டை அவள் கீழே வைத்துவிட்டாள். கருவாடு எடுத்த கையாலேயே டப்பாவைத் திறந்து சீடையைக் கொறித்தாள். ஒன்றை எடுத்து என்னிடமும் நீட்டினாள். வாங்கித் தின்றேன். வயிற்றைப் புரட்டியது. முகம் சுளிக்கவில்லை.

கஷ்டத்தில் இருக்கும் அடியார்களுக்கு நான் சொல்வது இதுதான். கேளுங்கள், கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். அவன் அனுப்புவான். ஆனால் எந்த வண்டியில் அனுப்பவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வந்து நின்றால் ஏறிக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைக் காரை நான்தான் கையை ஆட்டி நிறுத்தினேன், அது போய்விட்டது. கருவாட்டு வண்டியை அவன் நிறுத்தினான்.

மலரில் போடுகிற மாமிக்கு ஒரு வார்த்தை. ஒரு வரியையும் வெட்டாதே. மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொள்ளட்டும்.